ரோயிங் மெஷினில் வைகையின் நீளம்: நன்கொடைக்காக மராத்தான் நடத்த ஒரு வழிகாட்டி

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். உட்கார்ந்தபடி துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் உடற்பயிற்சிக் கருவியான ரோயிங் மெஷின்கள் ஆறைப் பக்கம் பக்கமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் 43,000 மீட்டர் இழுத்தால், மொத்தம் அதே 258 கிலோமீட்டர். முழு மராத்தான் என்பது 42,195 மீட்டர். ஆக ஒவ்வொரு மெஷினும் ஒரு மராத்தானை முடித்து, அதற்கு மேலும் 805 மீட்டர் போயிருக்கும். மதுரையில் முதல் தடவை இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. வருசநாட்டு மலையில் தொடங்கி வைகை அணை, சோழவந்தான், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று சுவரில் ஒரு கோடு வரைந்து, வண்ணம் ஏறிக்கொண்டே போவதைக் காட்டினால், ரோயிங் மெஷினைப் பார்த்திராத பாட்டிக்கும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

இதற்குப் பெரிய விளையாட்டு வீரர்கள் தேவையில்லை. ஒரு மெஷினுக்கு எட்டுப் பேர், மொத்தம் 48 பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடமாக இரண்டு முறை இழுத்தால் போதும். தேவைப்படுவது ஒழுங்கு. ஆள் மாறும் முறை, காற்றோட்டம், கணக்கு எழுதுதல் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் நிகழ்ச்சி நடந்துவிடும். இவற்றில் ஒன்று சறுக்கினாலும் எத்தனை பலசாலிகள் இருந்தும் பயனில்லை.

நாளும் இடமும்

மார்கழியைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். மண்டபத்தில் ஜெனரேட்டர், கழிவறை, சமையற்கட்டு, பந்திக்கூடம் எல்லாம் ஏற்கெனவே உண்டு. வெயிலும் தணிந்திருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் வண்டி நுழையாது, வெக்கையும் தாங்காது. அந்தப் பக்கமே போக வேண்டாம். தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக வரும். அப்போது உங்கள் இளைஞர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். வைகுண்ட ஏகாதசி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து அதையும் விலக்குங்கள். விரதம் இருப்பவரை மெஷினில் உட்கார வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் வார நாட்களில்தான் வரும், ஆனாலும் அந்தப் பகுதியின் தேதியை விசாரித்துவிடுங்கள். காற்றைத் தள்ளி ஓடும் ரோயிங் மெஷினுக்கு மின்சாரமே தேவையில்லை, மானிட்டரும் பேட்டரியில் ஓடும். கரண்ட் போனால் நிற்பது மின்விசிறி. அது நின்றால் பத்து நிமிடத்தில் கூடம் புழுங்க ஆரம்பித்துவிடும். ஆகவே ஜெனரேட்டரில் மின்விசிறிகள் ஓடுகின்றனவா, விளக்கு மட்டும்தான் எரிகிறதா என்று முந்தைய நாளே போட்டுப் பார்க்க வேண்டும். பல மண்டபங்களில் ஜெனரேட்டர் இணைப்பு மேடைக்கும் விளக்குக்கும் மட்டும் இருக்கும்.

காலை 6 மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் முடித்துவிடலாம். மண்டபத்தை முந்தைய நாள் மாலையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வைக்க முடியாது.

எந்த மெஷின்

தூரத்தைச் சொல்லி நன்கொடை கேட்கப் போகிறீர்கள் என்றால் ஆறு மெஷினும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வாங்கும் காந்தத் தடை மெஷினில் 'மீட்டர்' என்று காட்டுவது அந்தந்த நிறுவனம் போட்ட கணக்கு. ஒன்றின் 1000 மீட்டரும் இன்னொன்றின் 1000 மீட்டரும் ஒன்றல்ல. எண்ணெய் சிலிண்டர் வைத்த மலிவு வகை இன்னும் மோசம்: தொடர்ந்து இழுத்தால் சிலிண்டர் கையில் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், சூடானதும் தடை குறைந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு அது தாங்காது.

உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பயன்படுவது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட்2 நிறுவனத்தின் காற்று மெஷின். 1981-இல் முதல் மாடல் வந்தது. இப்போதைய மாடலான ரோஎர்க் 244 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம், எடை 26 கிலோ. கிராஸ்ஃபிட் ஜிம்களிலும் சில கல்லூரி ஜிம்களிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஆறு ஒரே இடத்தில் கிடைப்பது அரிது, மூன்று நான்கு இடங்களில் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆறு கிடைக்கவில்லை, கலப்பு வகைதான் இருக்கிறது என்றால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை அறிவியுங்கள்: 'ஆறு மெஷின், நான்கு மணி நேரம், ஒரு நொடியும் நிற்காது' என்று சொன்னாலும் மக்கள் கொடுப்பார்கள். தூரம் என்று சொல்லிவிட்டுப் பொருந்தாத எண்களைக் கூட்டிக் காட்டுவது கொடுத்தவரை ஏமாற்றுவது.

மெஷின் கருவியே இல்லாமல் இரண்டு துண்டாகப் பிரியும். ஆறும் சேர்ந்தே 156 கிலோதான் என்பதால் ஒரு குட்டியானை வண்டி போதும். சக்கரம் இருக்கும் முன்பாகத்தை நிமிர்த்தியே வையுங்கள், மானிட்டர் கையை மடக்குங்கள், துண்டுகளுக்கு இடையில் ஜமுக்காளமோ பழைய மெத்தையோ கொடுங்கள். சீட் ஓடும் தண்டான ரெயிலில் கீறல் விழுந்தால் சீட் ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டும்.

கொண்டுவந்ததும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஹேண்டிலை மெதுவாக விட்டால் அது தொய்யாமல் சக்கரக் கூடு வரை தானாகப் போக வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்திருக்கிறது, இறுக்க வேண்டும். செயின் கிறீச்சிட்டால் ஒரு தேக்கரண்டி மினரல் எண்ணெயைக் காகிதத் துண்டில் நனைத்துச் செயினின் முழு நீளத்துக்கும் துடையுங்கள். டபிள்யூடி-40 போடாதீர்கள். மானிட்டருக்கு டார்ச் லைட்டில் போடும் பெரிய டி பேட்டரி இரண்டு; ஆறுக்கும் புதிதாகப் போட்டு, மாற்றாக நான்கு கையில் வையுங்கள். கால் பட்டை நைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், நிகழ்ச்சி நடுவில் அறுந்தால் மெஷினே நின்றுவிடும்.

அடுத்தது டிராக் ஃபேக்டர், அதாவது சக்கரத்தின் காற்றுத் தடையை மானிட்டர் அளந்து காட்டும் எண். பக்கத்தில் 1 முதல் 10 வரை இருக்கும் டாம்பர் நெம்புகோலை எல்லா மெஷினிலும் 4-இல் வைத்துவிட்டால் தடை ஒன்றாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. சக்கரக் கூட்டுக்குள் பஞ்சும் தூசியும் அடைந்த மெஷினில் காற்று போகாது, தடை குறையும். மானிட்டரின் கூடுதல் விருப்பங்கள் பகுதியில் டிராக் ஃபேக்டரைக் காட்டச் சொல்லி, பத்துப் பதினைந்து இழுப்பு இழுத்தால் எண் வரும். ஆறு மெஷினிலும் அந்த எண் 110 முதல் 120-க்குள் வரும்படி நெம்புகோலை நகர்த்துங்கள். நகர்த்திய இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், 'கடினமாக வைத்தால்தான் ஓடும்' என்று யாராவது பத்துக்குத் தள்ளிவிடாமல் இருக்க. பத்தில் வைத்தால் மெஷின் வேகமாகப் போகாது, முதுகுதான் வலிக்கும்.

மண்டபத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் 274 செ.மீ. நீளம், 122 செ.மீ. அகலம் விட வேண்டும். ஆள் மாற வேண்டியிருப்பதால் இருபுறமும் இன்னும் ஒரு ஆள் நிற்கும் அகலம் தேவை. பளிங்குத் தரையில் மெஷின் நகரும். கீழே ரப்பர் விரிப்பு கட்டாயம். இரண்டு மெஷினுக்கு ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன், முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில்.

இழுக்கும் முறை

புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றே: கையால் இழுப்பது. ரோயிங் என்பது காலால் தள்ளும் வேலை. முழங்கால் மடங்கி, கை நீண்டு, முன்பக்கம் இருக்கும்போது முதலில் கால் மட்டும் தள்ள வேண்டும். கால் கிட்டத்தட்ட நீண்ட பிறகு உடல் சற்றுப் பின்னால் சாயும், கடைசியில் கை மடங்கி ஹேண்டில் விலா எலும்பின் அடிப்பகுதிக்கு வரும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: முதலில் கை நீள வேண்டும், பிறகு உடல் முன்னே சாய வேண்டும், ஹேண்டில் முழங்காலைத் தாண்டிய பிறகுதான் கால் மடங்க வேண்டும். முழங்காலை முன்கூட்டியே மடக்கினால் ஹேண்டிலைத் தூக்கி அதன்மேல் கொண்டுபோக நேரிடும். அப்படிச் செய்பவரைப் பார்த்ததும் நிறுத்தித் திருத்துங்கள்.

தள்ளுவதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துத் திரும்புங்கள். நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு போதும். ஹேண்டிலை விரல்களால் கொக்கிபோல் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடிப்பவருக்குத்தான் உள்ளங்கையில் கொப்புளம் வரும். பட்டை பாதத்தின் அகலமான பகுதிமேல் வர வேண்டும்.

துப்பட்டா, நீளமான குர்தா, வேட்டி எதுவும் கூடாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் உருளைகளில் துணியின் பின்நுனி சிக்கினால் ஆளைப் பின்னால் இழுத்துச் சாய்க்கும். மாலை போட்டிருக்கும் பக்தர்கள் ஷூ அணிய மாட்டார்கள்; வெறுங்காலில் பட்டை தோலை அறுக்கும் என்பதால் அவர்களுக்குப் பாதத்தில் பருத்தித் துணிக்கட்டு போட்டுவிடலாம், அல்லது கணக்கு மேசையில் உட்கார வைக்கலாம்.

வேகத்தை 500 மீட்டருக்கு ஆகும் நேரமாக மானிட்டர் காட்டும். 2:45 என்ற வேகத்தில் தொடர்ந்தால் 43,000 மீட்டருக்கு 3 மணி 56 நிமிடம் 30 நொடி. 3:00 என்றால் 4 மணி 18 நிமிடம். 3:15 என்றால் 4 மணி 39 நிமிடம் 30 நொடி. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேகம் கூடக் கூட உழைப்பு மும்மடி விதியில் ஏறும்: 3:00-க்கு 60 வாட் போதும், 2:30-க்கு 104 வாட் தேவை. அதனால்தான் முதல் இரண்டு நிமிடம் கூட்டத்தின் கைதட்டலுக்குப் பறந்தவர் பத்தாவது நிமிடத்தில் ஹேண்டிலைப் பிடித்தபடி மூச்சு வாங்குவார். 2:45-ஐ இலக்காக வைத்து, ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து நாலரை மணி நேரம் திட்டமிடுங்கள்.

ஆறு வாரப் பயிற்சி

வாரம் மூன்று நாள். முதல் வாரம் 5 நிமிடம் மூன்று முறை, இடையில் 2 நிமிட ஓய்வு. வாராவாரம் ஒவ்வொரு தவணையையும் இரண்டு நிமிடம் நீட்டுங்கள், தவணை நீண்டதும் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆறாம் வாரத்தில் 15 நிமிடம், அரை மணி ஓய்வு, மறுபடி 15 நிமிடம் முடிந்துவிட்டால் அவர் தயார். பயிற்சிக்கு ஒரே மெஷின்தான் இருக்கிறதா? இருவர் இருவராக வரச் சொல்லுங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் ஓய்வெடுத்தபடி அவருடைய முதுகைக் கவனிக்கட்டும். ஐப்பசியில் தீபாவளி, மழை இரண்டும் வந்து பயிற்சி ஒரு வாரம் நிச்சயமாக விட்டுப்போகும், எனவே புரட்டாசி முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள்.

இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், முதுகுத் தட்டுப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் உட்காரக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் முதல் தவணைக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

தனி ஆளாக முழு மராத்தான் இழுக்க ஆசைப்படுபவர் ஒருவராவது வருவார். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஏற்கெனவே இழுக்கக் கூடியவர் என்றால் மட்டும், பன்னிரண்டு வாரம் தனியாகப் பயிற்சி எடுத்து, 30 கிலோமீட்டரை ஒருமுறை முடித்த பிறகு வரச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் இது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஆள் மாறுதல்

ஒரு மெஷினுக்கு ஏறக்குறைய 15 மாற்றம். ஒவ்வொன்றும் 20 நொடியில் முடிந்தால் மொத்தம் 5 நிமிடம், 60 நொடி ஆனால் கால் மணி நேரம் போய்விடும். அணி பிரிக்கும்போதே பாத அளவு ஒத்தவர்களை ஒரே மெஷினில் போடுங்கள். அப்படிச் செய்தால் பாதத் தட்டின் உயரத்தை ஒருமுறை வைத்தால் போதும், பாதி நேரம் இதிலேயே மிச்சமாகும். மாற்றத்தை இந்த வரிசையில் பழக்குங்கள்:

1. ஒரு நிமிடம் இருக்கும்போது அடுத்தவர் இடப்பக்கம் வந்து நிற்பார். உதவியாளர் ஒருவர் பாதத் தட்டின் அருகே குனிந்திருப்பார்.
2. 'கடைசி ஐந்து' என்று உதவியாளர் சொன்னதும் இழுப்பவர் ஐந்து பலமான இழுப்பு கொடுப்பார். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் சில நொடிக்கு மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும்.
3. ஹேண்டிலை உதவியாளர் கையில் கொடுக்க வேண்டும். வீசி விட்டால் அது போய்ச் செயின் நுழையும் வாயில் மோதி உடைக்கும்.
4. இழுத்தவர் பட்டையைத் தளர்த்தி வலப்பக்கம் எழுந்துவிடுவார். இடப்பக்கத்தவர் உட்காருவார். எல்லாரும் ஒரே திசையில் சுற்றினால் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள்.
5. புதியவர் முதல் சில இழுப்பைக் கையால் மட்டும் இழுத்துச் சக்கரத்தை ஓட வைப்பார், அதற்குள் உதவியாளர் பட்டையை இறுக்கிவிடுவார்.

ஹேண்டிலை இரண்டாவது உதவியாளர் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். ரெயிலில் வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்புக் கோடாகப் படியும். மணிக்கு ஒருமுறை மாற்றத்தின்போது உலர்ந்த துணியால் துடைத்தால் சீட் வழுக்கி ஓடும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் மாற்று ஆள் ஒருவர் வேண்டும். கடைசி நேரத்தில் காய்ச்சல், வேலை என்று வராதவர்கள் இருப்பார்கள்.

கணக்கு

மானிட்டரில் புதிய ஒற்றைத் தூரம் என்று 43,000 போட்டுத் தொடங்குங்கள். அதன் பிறகு மெனு பொத்தானை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். பொத்தான்மேல் அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி மூடிவிடுவது நல்ல வழக்கம். சில நிமிடம் யாரும் இழுக்காமல் விட்டாலும் மானிட்டர் அணையும்.

அதனால் ஒரு மெஷினுக்கு ஒரு கணக்கெழுதுபவர், ஒரு தாள். ஒவ்வொரு மாற்றத்திலும் நேரம், இழுத்தவர் பெயர், மீதி மீட்டர் மூன்றையும் எழுத வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை திரையைப் போனில் படம் எடுத்துவிட வேண்டும். மானிட்டர் அணைந்தால் கடைசியாகப் பதிவான மீதி மீட்டரைப் புதிய தூரமாகப் போட்டுத் தொடருங்கள். இடையில் இழுத்த, பதிவாகாத மீட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாக இழுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, அறிவிக்கும் எண்ணுக்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

தண்ணீரும் சாப்பாடும்

இழுப்பவர், மாற்று ஆள், தொண்டர்கள் எல்லாம் சேர்த்து 85 பேர் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்பது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 30, பெரிய பொட்டலம் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர், அதில் குறைக்கவும் கூடாது, சர்க்கரை சேர்க்கவும் கூடாது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய அண்டா. வாழைப்பழம் 120. வியர்த்துக் கொட்டுபவர் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், வாந்தி வரும். எனவே மோரும் ஓ.ஆர்.எஸ்.-உம் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். தவணைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெண்பொங்கலும் வடையும் எல்லாம் முடிந்த பிறகு. ஜிகர்தண்டாவும் அப்படியே.

நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், வியர்வை நின்று உடம்பு கொதித்தல் ஆகிய மூன்றில் எது வந்தாலும் 108. யார் அழைப்பது, வாசலில் வண்டிக்கு வழி விடுவது யார் என்று முன்பே பெயர் சொல்லி வையுங்கள். நெஞ்சை அழுத்தும் முதலுதவி (சி.பி.ஆர்.) தெரிந்த ஒருவர் கூடத்தை விட்டு நகரக் கூடாது.

பணம்

யாருக்காக என்பதைப் பொருளாகச் சொல்லுங்கள். 'ஏழைகளுக்கு உதவி' என்றால் கை பையை நோக்கிப் போகாது. இந்தப் பள்ளிக்கு இத்தனை கழிவறை, இந்தக் கண்மாயின் இந்த மடை என்றால் போகும். கண்மாய் வேலை என்றால் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்திடமும் அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையிடமும் இருக்கும். அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகே வசூலை அறிவியுங்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்குவதைவிட மொத்தத் தொகையாக முன்பே வாங்குவது மேல். பின்னால் போய்க் கேட்கும்போது பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள். பணம் பதிவு பெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்கினுடையதாகவே இருக்க வேண்டும். அமைப்பாளரின் சொந்த எண்ணில் வாங்கினால் எவ்வளவு நேர்மையானவரானாலும் பேச்சு வரும். வாசலில் மொய் எழுதும் மேசைபோல ஒன்று போட்டு, எழுதுபவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர் என இருவரை உட்கார வையுங்கள். ரசீது அங்கேயே. 80ஜி வரிச்சலுகை வேண்டுபவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது; பான் எண்ணும் முகவரியும் வாங்கி, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஆசையாக அனுப்ப வருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாகத் தரலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே பிறந்தவரானாலும் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்குவது குற்றம். மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

முடிந்த அன்றே மெஷின்களைத் துடைத்து, டேப்பை எடுத்து, வாங்கிய ஜிம்களில் திருப்பி இறக்கிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் ஆறு மெஷினின் கடைசித் திரைப் படமும், வரவு செலவு ஒரு பக்கமும், தொகை அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்த விவரமும் கொடுத்தவர் ஒவ்வொருவரின் வாட்ஸ்அப்புக்கும் போய்விட வேண்டும். 80ஜி சான்றிதழ் நிதியாண்டு முடிந்த பிறகே வரும் என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டால், ஏப்ரல் வரை போன் வந்துகொண்டே இருக்காது.